சாக்கில் கிடந்த கப்பி

ஒன்பதாம் அத்தியாயம்

இரவெல்லாம் அடித்த காற்றும் மழையும் விடியும் நேரத்தில்தான் ஓய்ந்தன. கோரிப்பாளையத்து ஓட்டு வீடுகளின் முற்றங்களில் முருங்கைக் கிளைகளும் வேப்பங்கொத்துகளும் சிதறிக் கிடந்தன.

அப்துல் வஹீது உயிரோடு இருந்த காலமாக இருந்தால், இப்படியொரு காற்றுக்கு மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஆள் மேல் ஆளாக வந்து நின்றிருப்பார்கள். ஒருவர் வீட்டுக் கூரைமேல் புளியமரம் சாய்ந்திருக்கும். இன்னொருவர் கிணற்றுக்குள் தென்னை விழுந்திருக்கும். மதுரையில் மரம் வெட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விழக்கூடாத இடத்தின்மேல் நிற்கும் மரத்தை, ஓர் ஓடுகூட உடையாமல் இறக்கித் தருவதற்கு வஹீது பாயைத்தான் தேடி வருவார்கள்.

அந்த வஹீது பாயைத்தான் உசிலம்பட்டிச் சாலையில் ஒரு புளியங்கிளை கொன்று போட்டது. கிளையைக் கட்டியிருந்த கயிற்றின் நுனி இளைய மகன் ஜலாலின் கையில் இருந்தது. மூத்தவன் நூருல் அமீன் மரத்தின்மேல் அறுத்துக்கொண்டிருந்தான். கயிறு ஓடிவிட்டது. கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்த தகப்பன்மேல் கிளை விழுந்துவிட்டது.

"இவன் கயித்த விட்டுட்டான்" என்று, அடக்கம் செய்த மையத்தங்கரையிலேயே அத்தனை பேர் முன்னிலையில் நூருல் அமீன் சொன்னான். "நான் விடல, தானா ஓடுச்சு" என்று ஜலால் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து தொழில் சாமான்களைப் பங்கு போட்டார். கயிறுகளும் ஏணிகளும் நூருல் அமீனுக்கு. ரம்பங்களும் கோடாலிகளும் ஜலாலுக்கு. ஆணுக்கு இரண்டு பங்கென்றால் பெண்ணுக்கு ஒரு பங்கு உண்டு என்று ஹஜ்ரத் நினைவுபடுத்திய பிறகுதான் இருவருக்கும் நடுவில் பிறந்த ஷரீபாவின் ஞாபகம் அவர்களுக்கு வந்தது. புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

கொட்டகை மூலையில் சாக்குக்குள் கட்டிக் கிடந்த, கயிறு ஓடும் பெரிய இரும்புக் கப்பியை ஷரீபா காட்டினாள்.

எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. ஷரீபாவுக்கு மட்டும் கணக்கு தெரிந்திருந்தது. ரம்பம் இருந்தால் அறுக்கலாம். கயிறு இருந்தால் கட்டலாம். வீட்டின்மேல் தொங்குகிற கிளையைப் பூப்போல இறக்க வேண்டுமென்றால் கப்பி வேண்டும். இரண்டு பேரும் என்றைக்காவது தன் முன்னால் வந்து நிற்பார்கள். அன்றைக்குத் தன் கஞ்சியைத் தானே தேடிக்கொண்டதாக இருக்கும்.

அந்த நாள் இத்தனை சீக்கிரம் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

*

வந்தவன் பேயாண்டி. வஹீது பாயிடம் பல வருஷமாகக் கயிறு இழுத்தவன். இப்போது நூருல் அமீனோடு இருக்கிறான்.

"தாயி, அண்ணே கப்பியக் கேட்டுவிட்டாரு. பரங்குன்றம் ரோட்டுல மிஷன் பொம்பளப் புள்ளைக போர்டிங் இருக்குல்ல, அங்கன தூங்குமூஞ்சி மரத்துல பெரிய கொப்பு ஒண்ணு முறிஞ்சு கூர மேல உக்காந்துருக்கு. முழுசா விழல. பாதி மரத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது. புள்ளைகளச் சர்ச்சுக் கோயிலுக்குள்ள படுக்க வச்சுருக்காக. மறுபடி காத்தடிச்சா செவரோட சாஞ்சுரும்."

"அண்ணே எதை வச்சு அறுப்பாரு? ரம்பம் ஜலால்கிட்டல்ல இருக்கு?"

பேயாண்டி தலையைச் சொறிந்தான். "கோடாலி ஒண்ணு எரவல் வாங்கியாந்துருக்காரு. கோடாலி போட்டா மரம் அதிரும், அதிருறதுல கூர போயிரும்னு நான் சொன்னேன். கேக்கல."

"நீ போ. கப்பிய நானே கொண்டாறேன்."

அவன் போன பிறகு ஷரீபா கொட்டகைக்குள் போனாள். சாக்கு மூட்டை கட்டியபடியே கிடந்தது. தகப்பன் இறந்த அன்று புளியமரத்தடியிலிருந்து யாரோ எடுத்து வந்து போட்டது. அதைப் பங்காக வாங்கிய பிறகும் அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. வருஷக்கணக்காக அந்த வீட்டில் கயிற்றுக்குத் தார் பூசியதும் ரம்பத்துக்கும் கப்பிக்கும் எண்ணெய் போட்டதும் அவள்தான். அந்தச் சாவுக்குப் பிறகு இந்தக் கப்பியை மட்டும் தொட முடியாமல் இருந்தாள்.

முடிச்சை அவிழ்த்தாள். இரும்பில் செம்மண் அப்பியிருந்தது. மண்ணோடு மண்ணாகக் கறுத்துக் காய்ந்த வேறொன்றும் இருந்தது. அவள் கண்ணை மூடி ஒரு துஆ ஓதிவிட்டு, மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கத் தொடங்கினாள்.

மண் போயிற்று. மற்றதும் போயிற்று. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது அது நேராகச் சுற்றவில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சுற்றியது. ஷரீபா சுத்தியலால் தட்டி அச்சைக் கழற்றினாள். சக்கரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பக்கத் தகடுகளையும் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அச்சு நுழைகிற துளையிலிருந்து தகட்டின் ஓரம் வரைக்கும் வெடித்திருந்தது. அவளுடைய நகம் உள்ளே நுழைந்தது. வெடிப்பின் உட்பாதி கன்னங்கரேலென்று பழைய துரு. வெளிப்பாதியில் மேலாகப் படிந்த புதுத்துரு; விரலால் தேய்த்ததும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பாதி வெடிப்பு எப்போதோ விழுந்தது. மீதிப் பாதி அன்றைக்கு விழுந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கனம் ஏறியதும் தகடு வாய் பிளந்திருக்கிறது. சக்கரம் சாய்ந்திருக்கிறது. கயிறு சக்கரத்தை விட்டுக் குதித்து, கிளை சட்டென்று ஒரு முழம் இறங்கியிருக்கிறது. அந்த வெட்டு இழுப்பில் யார் கையில் இருந்தாலும் கயிறு நின்றிருக்காது. கிளை போனதும் கனம் போய், சக்கரம் ஒன்றும் தெரியாததுபோல் ஏறக்குறையத் தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

"என்னத்த இப்படி வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்க?"

அண்ணன் மனைவி ஹாஜரா வாசலில் நின்றாள். ஷரீபா தகட்டைக் காட்டினாள். சொல்ல வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஹாஜராவும் அந்த வீட்டில் பதினைந்து வருஷம் வாழ்ந்தவள்தான்.

அவள் வாசலிலிருந்தே தகட்டை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஷரீபா, இத இப்படியே காயலான் கடையில போட்டுரு. கப்பி துருப்புடிச்சுப் போச்சுன்னு அவுககிட்டச் சொல்லு. புதுசு ஒண்ணு வாங்கிக்கிருவோம்."

"ஜலால் கொலகாரன்னு பேரு வாங்கிட்டு நிக்கிறான் மச்சி."

"உங்க அண்ணன் அதச் சும்மா சொல்லல. கண்ணால பாத்ததச் சொன்னாக. இப்பப் போயி 'நான் சொன்னது தப்பு'ன்னு அவுக எந்த முகத்தோட ஊருக்குள்ள நடப்பாக? பள்ளிவாசல்ல முன் வரிசையில நிக்கிற மனுசன்." ஹாஜராவின் குரல் தணிந்தது. "நீயும் இதே வீட்டுலதான இருக்கணும். இந்தக் கப்பியும் ஒடஞ்சு போச்சு, அண்ணன் தயவும் போச்சுன்னா உனக்குன்னு என்ன மிஞ்சும், சொல்லு. நான் சொல்லிக் காட்டல. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் மிரட்டவில்லை என்பது ஷரீபாவுக்குத் தெரிந்தது. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் ஷரீபாவை அதிகம் சுட்டது.

அச்சையும் சக்கரத்தையும் தகடுகளையும் சாக்கில் போட்டாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாரேன் மச்சி" என்றாள்.

*

தெருமுனையில் மொக்கைச்சாமியின் குதிரை வண்டி நின்றது. ஷரீபா ஏறி உட்கார்ந்து, "செல்லூருக்குப் போயிட்டுப் பரங்குன்றம் ரோட்டுக்கு விடுங்க" என்றாள்.

பிரிந்ததிலிருந்து ஜலால் செல்லூரில் மாமனார் வீட்டில் இருந்தான். அந்தச் சந்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வண்டி உள்ளே போகாது. ஷரீபா இறங்கி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜலால் முற்றத்தில் உட்கார்ந்து கை ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். வேலை இல்லாதவன் தினமும் கூர் தீட்டினால் ரம்பம்தான் தேயும் என்று அவனுடைய மனைவி அஜ்மல் பீவி முந்தின வாரம் ஷரீபாவிடம் அழுதிருந்தாள். தாடி வளர்ந்து முகம் சிறுத்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு தின்ற இடம் இன்னும் ரோஜா நிறத்தில் பளபளத்தது.

"என்னக்கா, இந்த ஈரத்துல?"

அவள் சாக்கை அவிழ்த்துத் தகட்டை அவன் மடியில் வைத்தாள்.

ஜலால் அதைத் திருப்பிப் பார்த்தான். வெடிப்பின்மேல் கட்டை விரலை வைத்தான். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, அச்சைத் துளையில் நுழைத்து ஒரு பக்கமாக அழுத்தினான். தகடு வாய் திறந்தது. விட்டான், மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினான், மறுபடி விட்டான்.

"நீ விடல ஜலாலு" என்றாள் ஷரீபா.

"அதத்தானக்கா நான் அன்னைக்கே சொன்னேன்."

முகத்தை முழங்காலுக்கிடையில் புதைத்துக்கொண்டான். அடுத்த வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. ஷரீபா அவன் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மாசா மாசம் இதுக்கு எண்ண போட்டவ நானு" என்றாள் அவள். "மேலால தொடச்சு வச்சேனே ஒழிய ஒரு நாளும் அச்சக் கழட்டிப் பாக்கல. பாத்திருந்தா அத்தா இருந்திருப்பாக."

ஜலால் நிமிர்ந்தான். "அத்தாவும் பாக்கல. அண்ணனும் பாக்கல. நானும் பாக்கல. ஒருத்தர் தலையில போடறதுக்கு இது என்ன கூடையா?"

அண்ணன் எங்கே என்ன வேலையில் நிற்கிறார் என்று அவள் சொன்னாள். கூரைமேல் கோடாலி போடப் போகிறார் என்றதும் ஜலாலின் கை தானாகவே ரம்பத்தைத் தேடியது.

"வாரேன். ஆனா அவருகிட்ட நான் பேசமாட்டேன். இதக் காட்டுறதா இருந்தா நீயே காட்டு."

வண்டி வைகைப் பாலத்தின்மேல் போயிற்று. கீழே செந்தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது.

*

போர்டிங் கட்டிடம் நீளமான ஓட்டுக் கூரை போட்டது. அதை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் நடுக்கவட்டிலிருந்து ஒரு பெரிய கொப்பு பிளந்து, அடிப்பக்கம் பட்டையும் நாருமாக மரத்தோடு ஒட்டிக்கொண்டு, மறுநுனி கூரையின் முகட்டில் சாய்ந்திருந்தது. காற்று வரும்போதெல்லாம் ஓடுகள் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டன.

போர்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆனிமேரி டீச்சர் குடையைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றார். நூருல் அமீன் ஏணியைச் சாத்திவிட்டுத் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். தங்கையோடு வண்டியிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் அவன் கை நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கப்பியக் குடுத்துட்டு நீ போம்மா. இங்க நிக்காத" என்றான் ஷரீபாவிடம்.

"இத ஒரு தடவ பாருங்கண்ணே. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

கூலிக்காரர்களும் டீச்சரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சாக்கின்மேல் தகட்டை வைத்து, அச்சை நுழைத்து, ஜலால் செய்தது போலவே அழுத்திக் காட்டினாள். தகடு வாய் திறந்தது.

நூருல் அமீன் குனிந்து பார்த்தான். உட்கார்ந்து பார்த்தான். கையில் எடுத்து, பழைய துரு எங்கே முடிந்து புதுத்துரு எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் கீறிப் பார்த்தான். மரத்தில் ஏறி இறங்கியே பிழைத்தவனுக்கு அதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் முகம் வெளிறிப்போவதை ஷரீபா பார்த்தாள். தகட்டைத் திரும்பச் சாக்கின்மேல் வைத்தான்.

ஜலால் அங்கே நிற்கவில்லை. தள்ளிப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர்தான் முதலில் பேசினார். "பாய், என்ன ஆச்சு? வேலை நடக்குமா, நடக்காதா? மேற்கே மறுபடியும் கருக்குது. பிள்ளைங்க ஈரத் தரையில கெடக்குறாங்க. போர்டிங் கிணத்துல ஒரு கப்பி இருக்கு, அதை வேணா கழட்டித் தரச் சொல்லவா?"

"அது வாளி தூக்குற கப்பி டீச்சர். இந்தக் கனத்துக்குத் தாங்காது." நூருல் அமீனின் குரல் கரகரத்தது. "கடையிலயும் கெடைக்காது. கொல்லன்கிட்டச் சொல்லித்தான் அடிக்கணும்."

"அப்ப?"

அவன் மரத்தைப் பார்த்தான். பிளந்த கொப்புக்கு மேலே, ஆள் கை விரித்ததுபோல் இன்னொரு கவடு இருந்தது. கப்பி என்ற ஒன்று வீட்டுக்கு வருமுன் அத்தா எப்படி வேலை செய்தார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கயிற்றை மேல் கவட்டின்மேல் போட்டு, கீழே கொண்டுவந்து அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுற்றை இறுக்கியும் தளர்த்தியும் கிளையை இறக்குவது. சக்கரம் செய்கிற வேலையை அதில் மனிதன் செய்ய வேண்டும். கயிற்றைப் பிடிப்பவனுக்குக் கை பேச வேண்டும். அவன் ஒரு கணம் தவறினால், அறுத்துவிட்ட கொப்பின் அடி ஊஞ்சல்போல் திரும்பி வந்து, மரத்தோடு இடுப்பைக் கட்டிக்கொண்டு மேலே நிற்பவனை நசுக்கிவிடும்.

நூருல் அமீன் மூட்டையிலிருந்து மணிலாக் கயிற்றை எடுத்தான். பங்கு பிரித்த பிறகு அவன் வாங்கிய புதுக்கயிறு. வெண்ணெய்போல் வழவழப்பாக இருந்தது.

"அது வேணாம்" என்று மரத்தைப் பார்த்தபடியே ஜலால் சொன்னான். பேசமாட்டேன் என்று வந்தவன்தான். "பேயாண்டிண்ணே, அது கப்பிக்கு நல்லாருக்கும். மரத்துல சுத்துனா வழுக்கும். தார் பூசுன தேங்கா நார் வடம் ஒண்ணு இருந்துச்சே, அத எடுக்கச் சொல்லுங்க. நனஞ்சா அதுக்குப் பிடி கூடும்."

பேயாண்டி நூருல் அமீனைப் பார்த்தான். புதிதாக வாங்கியதைத் தம்பி சொன்னான் என்று கீழே போடுவானா என்று எல்லோரும் பார்த்தார்கள். நூருல் அமீன் மணிலாக் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தான். வடத்தை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"கொப்ப முத்தத்துக்கு இழுக்குற கயித்தப் பேயாண்டி பிடிக்கட்டும்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "வடத்த ஜலால் பிடிக்கட்டும்."

ஜலால் அருகில் வந்து கை ரம்பத்தை நீட்டினான். நூருல் அமீன் வாங்கிக்கொண்டான். ஒருவர் விரல் மற்றவர் விரலில் படவில்லை.

*

அவன் ஏறினான். வடத்தை மேல் கவட்டில் போட்டான். கொப்பின் நடுக்கனம் பார்த்து முடிச்சுப் போட்டான். இடுப்புக் கயிற்றால் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டான். கீழே ஜலால் அடிமரத்தில் வடத்தைச் சுற்றி, ஒரு காலை வேரில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான்.

ரம்பம் ஓடத் தொடங்கியது. ஈரத்தூள் மழைபோல் கீழே விழுந்தது. ஷரீபா டீச்சரின் பக்கத்தில் நின்று, உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். தூரத்தில் மில் சங்கு ஊதியது, ஒருவரும் திரும்பவில்லை.

ஒட்டியிருந்த நார் ஒவ்வொன்றாக அறுந்தது. ரம்பம் நின்றது.

"ஜலாலு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அத்தாவைப் புதைத்த நாளுக்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லி அவன் தம்பியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எம்புட்டுக் கயிறு இருக்கு?"

"வேணுங்கிற அளவு இருக்கு. அறுங்க."

"விடவா?"

"விடுங்க."

கடைசி நார் வெடித்தது. கொப்பு கூரையை விட்டு எழும்பி, ஒரு கணம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல் தொங்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தை நோக்கி வந்தது. வடம் ஆனைபோல் முனகியது. அடிமரத்துப் பட்டையிலிருந்து ஈரப்புகை கிளம்பியது. ஜலால் முதுகு தரையைத் தொடுமளவு சாய்ந்துவிட்டான். கொப்பின் அடி நூருல் அமீனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. நின்றே விட்டது.

மேலே இருந்தவன் கண்ணை மூடியிருந்தான். ஷரீபாவுக்கு அது தெரிந்தது.

"பேயாண்டிண்ணே, இப்ப இழுங்க" என்றான் ஜலால், பல்லைக் கடித்துக்கொண்டு.

பேயாண்டி இழுக்க இழுக்க, ஜலால் வடத்தைச் சாண் சாணாக விட்டான். கொப்பு முற்றத்துக்கு நகர்ந்து இறங்கிச் சேற்றில் படுத்தது. ஒரு வரிசை ஓடு மட்டும் சரிந்து உடைந்தது. ஆனிமேரி டீச்சர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

*

நூருல் அமீன் இறங்கி வந்து நேராக ஜலாலிடம் போனான். தம்பி கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறிவந்த தோல் திரும்பவும் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"வீட்டுக்கு வா" என்றான் நூருல் அமீன். "புள்ளையையும் அஜ்மலையும் கூட்டிக்கிட்டு வா. எல்லாம் பழையபடி இருக்கட்டும்."

ஜலால் தோள் துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

"இரும்பு வந்து சொன்ன பொறவுதான நம்புறீங்க அண்ணே. அதே வார்த்தைய நான் சொன்னேன். உங்க கூடப் பொறந்தவன் சொன்னேன். அப்ப நம்பலியே."

நூருல் அமீன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"இந்தக் கப்பி ஒடையாம, நெசமாவே என் கை வழுக்கிப் போயிருந்தா, அப்பயும் நான் உங்க தம்பிதான? அத நெனச்சுப் பாருங்க." ரம்பத்தை எடுத்துத் தோளில் வைத்தான். "வேல இருந்தா ஆள் விடுங்க, வாரேன். வீட்டுக்கு வரல."

ஷரீபாவிடம் தலையை அசைத்துவிட்டு, அவன் சாலையில் இறங்கி நடந்தான்.

பேயாண்டி ஏணியையும் கயிறுகளையும் மாட்டு வண்டியில் ஏற்றினான். ஷரீபா அண்ணனிடம் வந்தாள்.

"அவனக் கொறை சொன்னது மையத்தங்கரையில, அம்புட்டுப் பேரு முன்னாடி. வீட்டுக்கு வான்னு கூப்பிட்டது மரத்தடியில, காதோட காதா. அதுதான் அவனுக்குப் பத்தல."

"என்ன செய்யச் சொல்ற?"

"வெள்ளிக்கெழம ஜும்ஆத் தொழுக முடிஞ்சு எல்லாரும் கலையறதுக்கு முன்னாடி நீங்களே எந்திரிச்சுச் சொல்லணும். இதக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லணும்." அவள் சாக்கு மூட்டையை அவன் முன்னால் வைத்தாள். "எனக்குன்னு கெடச்சது இது ஒண்ணுதான். இனிமே இது எதுக்கும் ஆகாது. இந்த ஒரு வேலைக்காவது ஆகட்டும்."

"ஹாஜராவுக்குத் தெரியுமா?"

"தெரியும். காயலான் கடையில போடச் சொன்னாக. உங்க மேல உள்ள பிரியத்துலதான் சொன்னாக."

அவன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வண்டியில ஏறுங்கண்ணே. மழை வருது."

"நீ போ. நான் நடந்து வாரேன்."

டீச்சர் கூப்பிட்டு ஒரு டம்ளர் சூடான காப்பி கொடுத்தார். அதைக் குடித்து, உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஷரீபா வண்டியேறும்போது வெகுநேரம் ஆகியிருந்தது; தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாசி வீதிகளைத் தாண்டி வண்டி பாலத்தில் ஏறிய நேரத்தில், கரையோரப் பள்ளியில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

நடுப்பாலத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. சாக்கு மூட்டை சுவரின்மேல் இருந்தது. அவன் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து, சுழித்து ஓடுகிற செந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டை போய்விட்டால் வெடிப்பும் போய்விடும். பிறகு அவன் சொல்வதுதான் ஊருக்குச் சொல்.

மொக்கைச்சாமி கடிவாளத்தை இழுத்தான். "உங்க அண்ணன்தானே தாயி? நிப்பாட்டவா?"

ஷரீபா துப்பட்டியை விலக்கி ஒரு தடவை பார்த்தாள். இறங்கிப் போய் மூட்டையைப் பிடுங்கிக்கொள்ளலாம். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வரலாம். அப்படிச் செய்தால் வெள்ளிக்கிழமை பேசப்போவது அவளாகத்தான் இருக்கும், அண்ணனாக இருக்காது.

"வேணாம்" என்றாள். "ஓட்டுங்க."